‘நாங்கள்’ என்று சொல்லிப் பழகியவர்

தெருவில் அவருக்குக் குழாய்க்காரர் என்று பெயர். உண்மையில் அவர் குழாய் மாட்டுகிறவர் அல்லர். மண்ணுக்குள் புதைந்த தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதை ஓசையை வைத்தே கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்த பொறியாளர். இருந்தாலும் அக்கம்பக்கத்தார் சொட்டுகிற குழாயைக் கழற்றிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். வாய் வலித்ததுதான் மிச்சம். வாஷர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றதில் முன்பெல்லாம் தங்கையின் கணவர் உட்கார்ந்திருப்பார். கருவியின் உள்ளே இருக்கும் சர்க்யூட் முழுக்க மாப்பிள்ளையின் மூளை; உறையும் கவ்வியும் இவருடைய கைவேலை. கசிவின் ஓசை கேட்க வேண்டுமே என்று மாப்பிள்ளை சமையலறையைப் பார்த்து மிக்சியை நிறுத்தச் சொல்வார். தங்கை வேண்டுமென்றே இன்னொரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவாள்.

பிள்ளைகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரிக்கவே மாப்பிள்ளை வேறு ஊரில் சம்பள வேலைக்குப் போனார். குடும்பமும் கூடவே போயிற்று. குழாய்க்காரர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். இப்போது வீட்டில் அமைதிக்குப் பஞ்சமில்லை. கருவிக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்டது.

புதிய கருவியைச் செய்து முடித்துவிட்டு, அதைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் நிற்கும் சிறு நிறுவனங்களுக்கு அரசு ஒரு மானியம் தருகிறது. அதற்கு அவர் விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் அச்சு வார்த்து, கருவிகளை மொத்தமாகச் செய்து ஊர் ஊராகக் காட்டலாம். கிடைக்காவிட்டால் மேசைமேல் இருக்கும் அந்த ஒரே கருவியோடு எல்லாம் முடிந்தது.

மானிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். வாசல் குழாயில் கருவியைக் கவ்வவிட்டதும், முற்றத்து மண்ணுக்கடியில் குழாய்க்காரர் வேண்டுமென்றே வைத்திருந்த கசிவை அது சரியாகக் காட்டியது. அதிகாரி இன்னொரு முறை செய்யச் சொன்னார். இன்னொரு முறையும் காட்டியது. நாங்கள் இப்படி யோசித்தோம், நாங்கள் அப்படி மாற்றினோம் என்று அவர் மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டே போனார். அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்தார்.

“பேச்சுக்குப் பேச்சு நாங்கன்றீங்களே சார், மத்தவங்க எங்க?”

“மாப்பிள்ளை வெளியூர்ல இருக்கார் மேடம். மானியம் கெடச்சா வந்துடுவார்.”

மாப்பிள்ளையைக் கேட்காமலே சொல்லிவிட்டார். நாக்கு முந்திக்கொண்டது.

“ஒத்த ஆளை நம்பிக் குடுக்க மாட்டாங்க சார். நாளைக்கு நீங்க படுத்துட்டா இதை யார் செய்யறது, யார் விக்கிறது? அவர்கிட்ட உறுதியா கேட்டுச் சொல்லுங்க.”

அன்று மாலையே மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டார். கருவி வேலை செய்த விதத்தைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளைக்கும் குரல் துள்ளியது. சர்க்யூட் சூடாகிறதா என்றுகூட அக்கறையாக விசாரித்தார். இதுதான் சமயம் என்று இவர் வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார்:

“உங்க கம்பெனிக்கு இது கெடச்சா எனக்கும் பெருமைதான் மச்சான்.”

இத்தனை காலம் அது ‘நம்ம கம்பெனி’. மாப்பிள்ளை குத்திக்காட்டவில்லை, இயல்பாகத்தான் வந்தது. அதனால்தான் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னார்.

“நான் மட்டுந்தான் மேடம். நாங்கன்னு சொன்னது பழக்கதோஷம்.”

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த குழுக் கூட்டம் வரை விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யாமல் நிறுத்திவைப்பதாகவும், அதற்குள் வேலை தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் மேலே பார்க்கலாம் என்றும் சொன்னார்.

குழாய்க்காரர் ஓர் அட்டையை எடுத்து, ‘எங்கள் நிறுவனத்துக்கு’ என்று எழுதத் தொடங்கி அடித்தார். ‘என் நிறுவனத்துக்கு’ என்று எழுதினால், வருகிறவருக்கு அதில் இடமில்லாதது போல் பட்டது. கடைசியில் வெறுமனே ‘சர்க்யூட் வேலை தெரிந்த ஆள் தேவை’ என்று எழுதி வாசலில் மாட்டினார். காலி நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தார். எதிர்வீட்டு அம்மா, கையில் ஒரு குழாயோடு நின்றார்.

“ஆள் தேவைன்னு போட்டிருக்கே, குழாய்க்காரர் போயிட்டாரோன்னு நெனச்சேன்.”

“இல்லம்மா,” என்று குழாயைக் கையில் வாங்கிக்கொண்டார். “நான்தான் இருக்கேன்.”