உரக்கப் பேசுகிறவர்

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததால் நானும் கணவரும் புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. மிஷின் சத்தத்தில் காது மந்தமாகி, எப்போதும் உரக்கத்தான் பேசுவார்.

லாட்ஜில் ரூம் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர், "ஏன் சார் கத்துறீங்க?" என்று முகம் சுளித்தார். அதோடு இவர் வாயே திறக்கவில்லை. சர்ச், லைட் ஹவுஸ் எல்லாவற்றையும் கையால்தான் காட்டினார். எனக்குச் சுற்றிப் பார்க்கும் ஆசையே போய்விட்டது.

சாயங்காலம் கடற்கரைப் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இன்னாய்யா இது?"

"கம்பெனில இப்டித்தான் கேட்டுக்குவோம், துன்னியான்னு. அங்க கத்தினாலும் காதுல உழாது" என்றார், மிக மெதுவாக. அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

அவர் காதருகே குனிந்து கத்தினேன்: "நீ சத்தமாவே பேசுய்யா! கடலு இன்னா மெதுவாவா பேசிக்கினு கீது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சிரித்துவிட்டு, அதைவிட உரக்க, "பஜ்ஜி துன்றியாமே?" என்றார்.

முன்பெல்லாம் வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால், தெருவுக்குக் கேட்கிறதே என்று ஜன்னலைச் சாத்துவேன். இப்போது சாத்துவதில்லை.