கிட்டாருக்கு மீன் எண்ணெய்

நான் செய்வது புது கிட்டார்தான். உருவம் மட்டும் முந்நூறு வருஷத்துப் பழசு. மியூசியத்தில் இருக்கும் ஒன்றின் அளவுப் படத்தைப் பார்த்து மரத்தை இழைத்து, ஒட்டி, ஆட்டுக் குடலில் செய்த நரம்புகளைக் கட்டுவேன். அதன் முதுகு தட்டையாக இருக்காது. மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டுவதால் படகின் அடிப்பக்கம் போலப் புடைத்திருக்கும்.

சென்னையில் தொழில் கற்றுக்கொண்டு எங்கள் மீனவக் கிராமமான தோணிரேவுக்கே திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டேன். ஏரியில் வலை போட்டுவிட்டு வரும் நைனா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இது சோறு போடுமா?" என்பார். தினமும் இதே பாட்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முதல் கிட்டாரைக் கேட்டிருந்தவர் சென்னையில் வாசிக்கிறவர். அவருக்குப் பிடித்தால்தான் பட்டறை நிலைக்கும். இல்லையென்றால் மறுபடியும் அடுத்தவர் பட்டறையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

அவர் வரவிருந்த அன்று காலை குளித்துவிட்டு வந்தால், குப்பென்று நாற்றம். மேசைமேல் கிட்டார் குப்புறக் கிடக்கிறது. நைனா பழந்துணியை மீன் எண்ணெயில் தோய்த்து அதன் முதுகில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! மரப்படகுக்குப் பூசுகிற அதே எண்ணெய்.

"ஐயோ நைனா! இன்னா பண்ணி வச்சிக்கிற?"

"கத்தாத. முன்னாடி தொடவே இல்ல. அடில மட்டும்தான் பூசினேன்."

வார்னிஷ் அடித்திருந்ததால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கவில்லை. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. நாற்றம் மட்டும் போவேனா என்றது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

வந்தவர் கிட்டாரை மடியில் வைத்து மீட்டினார். முகம் மலர்ந்தது. பிறகு மூக்கு சுருங்கியது.

"என்னங்க வாசனை இது?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "நான்தான் சார் மீன் எண்ணெய் பூசினேன். புதுப் படகுன்னா பூசிட்டுத்தான் தண்ணில எறக்குவோம். எம்பொண்ணுக்குச் சோறு போடப்போற மரம் சார். வெடிச்சிடக் கூடாதில்ல?"

காலையிலிருந்து பொத்தி வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொடுத்த டீ ஆறிப்போகும்வரை வாசித்துவிட்டு, "இதை எடுத்துக்கறேன். இதே மாதிரி இன்னொண்ணும் செஞ்சு குடுங்க. அதுக்கு மட்டும் எண்ணெய் வேணாம்" என்றார்.

நைனாவுக்கு முகமே வாடிவிட்டது.

"உங்க இஷ்டம் சார். அப்புறம் அதுக்கு நாங்க கேரண்டி இல்ல."