வாய்தா பார்த்துச் சொல்லும் கடை

ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கைக்கு வருகிற பேப்பரைப் படிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. எங்கள் ஊரில் அதை மீறச் சொல்பவர்கள் வாடிக்கையாளர்களேதான்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷினோடு பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு என்று ஆரம்பித்த கடை. ஒருநாள் யாரோ ஒருவருக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி எடுத்துக் கொடுத்தேன். அன்று பிடித்த சனி. வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், மற்றவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். கைது, கோர்ட்டு விவரமெல்லாம் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம்தான். நீங்களும் என்றைக்காவது சொந்தக்காரர் ஒருவருக்காக அப்படித் தேடி நொந்துபோனவராக இருந்தால், வாருங்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

சைட் கேட்கும் கேள்விகள்

குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பியைக் காலையில் யாரோ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர் போலீஸ், என்ன கேஸ், ஒன்றும் தெரியாது. இரண்டு ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு, சட்டையெல்லாம் வேர்வையோடு என் எதிரில் நின்றார்.

நான் போலீஸ் சைட்டைத் திறந்தேன். எந்த மாவட்டம் என்று கேட்டது. எந்த ஸ்டேஷன் என்று கேட்டது. எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன, எந்த வருஷம் என்று கேட்டது. ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "இதெல்லாம் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

செல்லுக்கு வரும் நம்பர்

இன்னொரு அம்மாவிடம் எல்லா விவரமும் இருந்தது. எஃப்.ஐ.ஆர். நம்பரைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எனக்கே சந்தோஷமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் தட்டி முடித்ததும், "செல்லுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க" என்றேன். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல். என் செல் நம்பரைப் போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "செல்லு அவரு சட்டப் பையில இருந்திச்சிக்கா. அதுவும் அவரு கூடவே உள்ள போயிடுச்சி."

ஏ த்ரீ

ஏழுமலை உப்பளத்தில் வேலை செய்கிறவர். எங்கள் பக்கம் உப்பளத்துக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் ஜோடி ஜோடியாக. புருஷன் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவார்; மனைவி அதைக் கூடையில் சுமந்து குவியலில் கொட்டுவார். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவருக்கும் வேலை கிடையாது. பாத்திக்குத் தண்ணீர் விடுவதில் நடந்த ஒரு சண்டையில் ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. அந்தக் கேஸில் ஏழுமலை மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அவர்களுக்குத் தனி வக்கீல், இவரோடு பேச்சு இல்லை. இவருடைய வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்ததோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கோர்ட்டு வைக்கிற தேதியை, அதாவது வாய்தாவை, தவறவிட்டால் ஏழுமலை மறுபடி உள்ளே. அவர் உள்ளே போனால் அவர் மனைவி அஞ்சலைக்கும் கூடை இல்லை. அதனால் அடுத்த வாய்தா எப்போது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி என்னிடம் வந்தார்.

"வணக்கம் மேடம், நான் ஏ த்ரீ" என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். கேஸில் மூன்றாம் எதிரி என்று கோர்ட்டில் கூப்பிடுவதை, பெயரைச் சொல்கிற மாதிரியே சொன்னார். உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கி, கோர்ட்டு சைட்டில் அடித்தேன். எங்கள் ஜில்லாவில் கூட்டத்தில் நின்று ஏழுமலை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். பக்கம் பக்கமாக ஏழுமலைகள் வந்துகொண்டே இருந்தார்கள். எட்டிப் பார்த்த மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தினியும் என்மேலயா மேடம் போட்டிருக்காங்க?"

திண்டிவனம் பஸ்

ஜாமீன் பேப்பரில் இருந்த நம்பரை வைத்து அவருடைய கேஸைப் பிடித்துவிட்டேன். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை வந்துவிடுவார். நான் தேதியைப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். அவர் அன்றைக்கு உப்பு வாருவதை அஞ்சலையிடம் விட்டுவிட்டு, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவார். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. திரும்பி வரும்போது கடையில் இறங்கி விவரம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு நாள் முழுக்கப் போய்விட்டு வந்த மனுஷரிடம் உள்ளே என்ன நடந்தது என்று ஒருதடவை கேட்டேன். "பேரக் கூப்டாங்க, இருக்கேன்னேன். வேற தேதி சொன்னாங்க, வந்துட்டேன். அவ்ளோதான் மேடம்."

லேமினேஷன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மார்க் ஷீட் பிரிண்டுக்குப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஏழுமலை கையைத் தூக்கினார். கடைசி வாய்தாவில் ஒரு கட்டுப் பேப்பரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்களாம். அடுத்த தேதி எழுதி வைத்த இடம் மறந்துவிட்டதாம். கேஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். அடித்தேன். கேஸ் முடிக்கப்பட்டது என்று வந்தது. நானே மறுபடி மறுபடி அந்த வரியைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை மட்டும். "ஏழுமலை, உங்க கேஸ் முடிஞ்சிடுச்சி" என்று கூட்டத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெளியே போய், மார்க் ஷீட் வாங்க நின்றவர்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய பொட்டலம் மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கேஸை நானே ஜெயித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "லேமினேஷன் போட்டுக் குடுங்க மேடம். எங்க உப்புக் காத்துல சும்மா பேப்பர் நிக்காது."

அடுத்த வரி

நாலு மாதம் கழித்து அஞ்சலை வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. காலில் உப்புப் பூத்து, கூடைக்கு வைக்கிற சும்மாடு துணி தோளில் கிடக்க, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் அந்த லேமினேஷன் பேப்பர். பாத்தியில் நின்ற ஏழுமலையைப் பிடிவாரண்டோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கூட்டிக்கொண்டு போகும்முன், கேஸ் முடிந்துவிட்டது என்று அஞ்சலை குடிசைக்குப் போய் இந்தப் பேப்பரை எடுத்துவந்து காட்டியிருக்கிறார். வந்த போலீஸ்காரர் வாங்கி நிதானமாகப் படித்திருக்கிறார்.

நானும் அப்போதுதான் படித்தேன். முடிக்கப்பட்டது என்ற வரிக்கு அடுத்த வரியில், வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. சின்னக் கோர்ட்டில் வேலை முடிந்து, பெரிய கோர்ட்டுக்குக் கேஸ் போயிருக்கிறது. அங்கே வேறு நம்பர். அந்த நம்பரைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். மூன்று வாய்தா போயிருந்தது. சம்மன் அனுப்பியிருந்தார்கள், இவர்கள் போன வருஷம் தங்கியிருந்த கொட்டகை விலாசத்துக்கு. நான் பி.காம். படித்தவள். அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டேன். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் போலீசு சொன்னாரும்மா, இத எழுதிக் குடுத்தவங்க பாதிதான் படிச்சிருக்காங்கன்னு."

உறவு முறை

வேறு ஒரு வக்கீலைப் பார்த்து, வாரண்டை ரத்து செய்ய மனு போட ஏற்பாடு செய்தேன். அடுத்து ஏழுமலையை ஜெயிலில் போய்ப் பார்க்க வேண்டும். அஞ்சலைக்குத் தனியாகப் போகப் பயம். ஜெயிலில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட முடியாது, மனுவில் உறவு முறை எழுத வேண்டும். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தபோது, அஞ்சலைதான் "தங்கச்சின்னு போடும்மா" என்றார். ஏழுமலை இந்து, நான் கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறேன். ஜெயில் வாசலில் மனுவை வாங்கிப் பார்த்த காவலர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை மெலிந்து நின்றார். அஞ்சலை பேச ஆரம்பித்து, அழுது, பேச்சை விட்டுவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவரோ பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கேட்காதபடி கம்பியோடு சேர்ந்து நின்று கேட்டார்: "மேடம், நான் எப்ப வெளிய வருவேன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்களா?"

கூடை

முப்பத்தெட்டாவது நாள் வெளியே வந்தார். அதற்குள் உப்பளத்தில் அவர்களுடைய பாத்தியை வேறொரு ஜோடிக்குக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரியைப் பார்த்துப் பேசினேன். ஆள் இல்லாமல் உப்பு காத்திருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார், அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஏழுமலை கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போனார். வாய்தா நாளைக்கு மட்டும் வருகிறார். கடைக்குள் வருவதில்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

தேதி கேட்க இப்போது அஞ்சலைதான் வருகிறார். முதல் தடவை அப்படி வந்தபோது கீபோர்டை ஒதுக்கி வைத்தேன். "இனிமே என்கிட்ட வராதீங்கம்மா, வக்கீல்கிட்டயே கேட்டுக்குங்க. தப்பு பண்ணவ நான்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பியிருந்த திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பி, எழுத்துகளையெல்லாம் மேலிருந்து கீழே வரை பார்த்தார். அப்புறம் மறுபடி என் பக்கமே திருப்பிவிட்டார். "நீ ரெண்டு வாட்டி படிம்மா. எங்களால ஒரு வாட்டிகூடப் படிக்க முடியாது."

கோர்ட்டு விவரங்களைப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், தப்பாகப் பார்த்துச் சொன்னால் யார் உள்ளே போக வேண்டும் என்பதைத்தான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.