முன்கதவுக் கண்ணாடி

பதினோரு வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவன் தம்புசாமி. மலாயாவில் மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் அவனை விட்டால் டிரைவர் கிடையாது. அப்படி இருக்க, 1934-இல் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சபாரத்தினம் நாலு கதவு வைத்த மூடு கார் வாங்கியபோது, ஸ்டீயரிங்கைப் புல்வெட்டுப் பிச்சைமுத்துவிடம் கொடுத்தார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் தம்புசாமியை இன்னும் விடவில்லை.

எல்லாம் கிராணியின் சம்சாரம் அன்னபாக்கியத்தால் வந்தது. யாழ்ப்பாணத்து அம்மா. "இஞ்சாருங்கோ, லொறி ஓட்டுற ஆள் வேண்டாம். காரையும் லொறி மாதிரியெல்லே ஓட்டுவான்" என்று அவள் சொன்னதைத் தம்புசாமி தன் காதாலேயே கேட்டான்.

பிச்சைமுத்து, செங் என்ற ஊரில் ஒரு சீன முதலாளியிடம் ஆறு மாதம் வேன் ஓட்டி லைசென்ஸ் எடுத்தவன். அந்த வேலை போய், தோட்டத்துக்கு வந்து புல் வெட்டினான். வாய் நிறைய வெற்றிலை, அதையும் மீறி ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்தாலும் அண்ணே, அக்காதான். அவன் ஓட்டினால் மடியில் வைத்த காப்பி சிந்தாது என்று கூலிகள் குடியிருந்த லயமே பேசியது. கிராணி அவனுக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு தைத்துக் கொடுத்தார். அந்தப் பொத்தான் வெயிலில் மின்னுவதைப் பார்த்தால் தம்புசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

முதல் வாரமே பிச்சைமுத்து ஒரு காரியம் செய்தான். ஓட்டிக்கொண்டே முன்கதவு ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். காற்று அதைச் சுருட்டிப் பின்கதவு ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்க் கிராணியின் வெள்ளைக் கோட்டில் பூசிவிட்டது. "இனிமேல் முன்னுக்கு உள்ள ரெண்டு கண்ணாடியும் திறக்கப்படாது" என்று அவர் சட்டம் போட்டார். அம்மாவுக்கோ பெட்ரோல் வாடை ஆகாது. அதனால் அவள் பக்கத்துப் பின்கண்ணாடி மட்டும் எப்போதும் திறந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. செம்மண் பாதையில் ஒன்றுமில்லை. தார் ரோட்டில் ஏறி முப்பது மைல் வேகம் பிடித்ததும், யாரோ பெரிய மத்தளத்தை உள்ளங்கையால் அறைவதுபோல் காருக்குள் தும் தும் தும் என்று அடிக்கும். காது அடைத்துப்போகும். மலாக்காவில் ஒரு சீன மெக்கானிக் ஓட்டிப் பார்த்தான். புழுக்கம் தாங்காமல் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினான். சத்தமே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"கார் நல்லாத்தான் இருக்குதாம். அப்ப ஓட்டுறவன்தான் என்னவோ செய்யிறான்" என்றார் கிராணி.

ஒரு நாள் லோரிக்குச் சாமான் வாங்கத் தம்புசாமியும் அந்தக் காரில் முன்சீட்டில் போனான். வாயில் வெற்றிலை. மறந்துபோய்த் தன் பக்கக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினான். தும் தும் நின்றது.

"கண்ணாடியைப் பூட்டடா" என்று கிராணி பின்னாலிருந்து கத்தினார். ஏற்றினான். மறுபடியும் தும் தும். கிராணி தன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்து எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தான். தம்புசாமிக்கு மட்டும் விளங்கிவிட்டது. ஒரே கண்ணாடி திறந்தால், நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் கிடந்து அடிக்கிறது. இன்னொரு பக்கம் விரல் அகலம் வழி விட்டால் போதும்.

சொல்ல வாயெடுத்தான். பித்தளைப் பொத்தான் கண்ணில் பட்டது. வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

மலாக்காவில் இறங்கியதும் பிச்சைமுத்து கேட்டான்: "அண்ணே, உங்க அனுபவத்துக்கு இது என்னவா இருக்கும்?"

"எனக்கு லோரிதான்டா தெரியும். காரப் பத்தி நீதான் சொல்லணும்."

அடுத்த மாதம் அம்மாவுக்குக் காதில் வலி கண்டது. பிச்சைமுத்து கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புல்வெட்டுக்குத் திரும்பினான். ஸ்டீயரிங் தம்புசாமிக்கு வந்தது.

"நான் வெத்தலைய விட்டுட்டேங்க ஐயா. எம்பக்கம் மட்டும் ஒரு அங்குலம் தொறந்துக்கிறேன், புழுக்கமா இருக்கு" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டான். நிஜமாகவே விட்டிருந்தான். சத்தம் போன இடம் தெரியவில்லை. கைராசி என்றார் கிராணி.

ஆனால் அம்மா விட்டாளா? "பிச்சைமுத்து சுகமா இருக்கிறானோ? அவன் ஓட்டினால் எனக்கு நித்திரை வந்திடும்" என்பாள், ஏறும்போதெல்லாம். கோட்டு வேறு தோளில் பிடித்தது. ஸ்டீயரிங் கையில் இருந்தும் தம்புசாமிக்கு வயிறு எரிந்தது.

எட்டு மாதம் கழித்துப் பிச்சைமுத்துவுக்கு மலாக்காவில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. அவன் பெண்சாதி குஞ்சம்மா மாசமாக இருந்தாள். "பிள்ளைத்தாச்சி பஸ்ஸில போகப்படாது. எங்கட காரில கொண்டுபோய் விடு" என்று அம்மா உத்தரவு போட்டாள். புல் வெட்டியவன் தகரப் பெட்டியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"நல்லா சாஞ்சுக்கோலா, துரை" என்றான் தம்புசாமி.

"உங்க புண்ணியத்துல இதும் நடக்குதுண்ணே" என்று சிரித்தான் பிச்சைமுத்து.

தங்கா பத்து ஊரைத் தாண்டியதும் கார் வேகம் பிடித்தது. குஞ்சம்மா புழுக்கம் தாங்காமல் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். பிச்சைமுத்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். சத்தம் வரவில்லை. அவன் பார்வை மெல்ல முன்னால் வந்து, தம்புசாமி பக்கத்து ஓர் அங்குல இடைவெளியில் நின்றது.

"அண்ணே, அந்தக் கண்ணாடிய மூடுங்க."

மூடாமல் இருந்திருக்கலாம். தம்புசாமி மூடினான். தும் தும் தும் என்று அறைந்தது. பிச்சைமுத்து திட்டியிருந்தால் தேவலை. திரும்பிப் பார்த்தபோது, பிச்சைமுத்து பெண்சாதியின் காதைத் தன் கையால் பொத்திக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. தம்புசாமியிடம் அவன் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"போதும்ணே, தொறந்துடுங்க. இவளுக்குக் காது வலிக்குது."