டால்பினின் கன்னத்தில் ஒரு பொட்டு

பூந்தமல்லியில் ஜரினாவின் ஷெட் வாசலில் ஒரு மாறுகண் யானை நிற்கிறது. கல்யாண மண்டபம் ஒன்றுக்காக அவள் தனியாகச் செய்த முதல் ஃபைபர் யானை அது. ஒரு கண் மணமேடையைப் பார்த்தது, இன்னொரு கண் பந்தியைப் பார்த்தது. மண்டபத்துக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு யாராவது என்றால் உடைத்துப் போட்டிருப்பார்கள். இவளோ வாசலில் நிறுத்திவிட்டு, "வர்றவன் போறவன் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல பாத்துக்கும்க்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

யானைக்கு மேலே ஒரு போர்டு. 'ஜரினா ஃபைபர் ஒர்க்ஸ் - யானை, தூண், சிம்மாசனம்' என்று பாதிப் பலகைக்கு எழுதியிருக்கும். மீதி அப்போது காலி. "அங்க கார் பெயின்ட்னு எழுதப் போறேன்" என்று எல்லோரிடமும் சொல்வாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். பக்கத்து ஷெட்டில் காலமெல்லாம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பால்ராஜ் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

"பொம்மைக்கு அட்ச்ச கையி, காருக்கு ஆவுமா?"

"மொதல்ல ஒரு கார் வர்ட்டும் அண்ணாத்தே, அப்பால பேசு."

வந்தது எங்கள் கார்தான். எங்கள் கார் என்று சொல்லவே அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் சம்பந்தம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய டால்பின் கார் ஒன்றை வாங்கி வந்தார். மேல் உடம்பு முழுக்க ஃபைபர். தண்ணீர்த் தொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவே கூடி நின்று சிரித்தது. நான் வாசலுக்கே வரவில்லை.

பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று வருகிறது, அதற்குள் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அதைப் பால்ராஜிடம் ஓட்டிப் போனார். கூடவே நானும் போனேன், வழியில் நின்றால் தள்ள ஆள் வேண்டுமே.

பால்ராஜ் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "இத்த நான் தொட மாட்டேன் நைனா. பழைய பெயின்ட்ட எடுக்க மருந்து ஊத்துனா பாடியும் சேந்து போய்டும்."

அடுத்த ஷெட்டிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள் ஜரினா. "எங்கிட்ட குடுங்கண்ணே! நான் பொறந்ததே இதுக்குத்தான்!"

இரண்டு யானைகளைத் தள்ளிவிட்டு நடுவில் காரை நிறுத்தினாள். மருந்து எதுவும் கிடையாது, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பதுதான். ஃபைபர் தூள் பட்டால் அரிக்கும் என்று முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வாள். விரிசலைக் கீறி, கண்ணாடி இழையில் பின்னிய ஃபைபர் பாயை ஒட்டி, ஆறவிட்டு, மறுபடி தேய்ப்பாள். யானைகளை டெம்போவில் ஏற்றிப் போகும் அவள் கணவர் கலீல் ரகுமான், திரும்பி வந்ததும் ஒரு பக்கம் தேய்ப்பார். குறை கண்டுபிடிக்கலாம் என்று போன நான், கடைசியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கதவையே தேய்த்து முடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கதவு இன்றைக்கும் என் கதவுதான்.

பழுத்த பங்கனபள்ளி மஞ்சளில் கார் வெளியே வந்தபோது, ஷெட் முழுக்க விசில். பால்ராஜ் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பரவால்ல."

"பரவால்லயா? நல்லா வாய்விட்டுச் சொல்லு!"

"ஊர்வலத்துல வெயில்ல பாக்கறேன். பெயின்ட் அடிக்கற எங்க ஆளுங்க அல்லாரும் வருவானுங்க. அவனுங்க வாயால நல்லாக்கீதுன்னு வந்துச்சுன்னா, உன் போர்டுல கார்னு நானே எழுதறேன்."

ஊர்வலத்துக்கு முந்தின சாயங்காலம் எங்கள் வாசலில் பூஜை. ஜரினாவும் கலீலும் வந்திருந்தார்கள். சம்பந்தம் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிக் காரைச் சுற்றினார். சுற்றியவர் உடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே? "ராணி, ஒரு போட்டோ எடு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பூசணிக்காயைத் தூக்கி பானெட் மேல் வைத்தார். எரிகிற கற்பூரம் வழுக்கி விழுந்தது. "நெருப்பு!" என்று கத்திக்கொண்டே ஜரினா முந்தானையால் அடித்து அணைத்தாள். அதற்குள் மஞ்சளின் இடது பக்கம் காசு அளவுக்குக் கருகிவிட்டது.

"ஏன்யா, உனக்கு மூளைனு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினேன். அவர் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். இனி சரி செய்து காயவைக்க நேரமில்லை. ஜரினா குனிந்து கருகலைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அழகான கொழந்தய வெளிய தூக்கினு போகசொல்ல கன்னத்துல இன்னா வெப்பீங்க?"

"திருஷ்டிப் பொட்டு."

"நானும் எம் புள்ளைங்களுக்கு வெச்சேன். இதுக்கு மட்டும் இன்னா கொறச்சல்?"

கருகலைச் சுரண்டினாள். கலீல் டெம்போவிலிருந்து கறுப்புப் பெயின்ட் கொண்டுவந்தார். காரின் முன்விளக்குக்கு மேலே, கன்னத்தில், வட்டமாக ஒரு பொட்டு. சம்பந்தம் அழுத கண்ணோடு சிரித்தார். தெருவே சிரித்தது. இந்த முறை நான் வாசலில்தான் நின்றேன்.

மறுநாள் ஊர்வலத்தில் பளபளவென்று எத்தனையோ கார்கள். கூட்டம் எங்கள் பொட்டைச் சுற்றித்தான். பால்ராஜின் ஆட்கள் வெயிலில் சாய்ந்து சாய்ந்து பார்த்து, "சூப்பரா கீது மாமே, யார் வேலை?" என்றார்கள். பால்ராஜ் மட்டும் குனிந்து பொட்டைத் தடவினார். அந்த விரலுக்குத் தெரியாதா கருகல்? ஜரினா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் நிமிர்ந்தார். "எங்க பக்கத்து ஷெட்டு ஜரினா வேலைடா. கொழந்த மேல கண்ணு வெக்காதீங்க, தள்ளுங்க."

அடுத்த நாள் ஏணி போட்டு ஏறி, சொன்னபடி 'கார் பெயின்ட்' என்று அவரே எழுதினார். இறங்கும்போது விரலைக் கறுப்பில் தொட்டுப் போர்டின் மூலையில் ஒரு பொட்டு வைத்தார். கார் கருகியபோதுகூட அழாத ஜரினா, மாறுகண் யானையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.