இன்சீனில் அடித்த இரண்டு படங்கள்

யாங்கோன் மத்திய நிலையத்திலிருந்து வட்ட ரயிலில் இன்சீனுக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் ஏறிவிட்டேன். எதிரே கீரைக்கட்டுகளோடு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மடியில் பிலிம் கேமரா.

பயணத்துக்கு ஆயிரம் படம் என்று டிஜிட்டல் கேமராவில் எடுத்துத் தள்ளிப் பழகியவள் நான். இம்முறை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆறு மாதமாகக் கற்றுவரும் இந்தக் கேமராவையும் ஒரே ஒரு ரோலையும் கொண்டுவந்தேன். சென்னையில் ரோல் விலை தொள்ளாயிரம் ரூபாய். முப்பத்தாறு படம் வரும். சூலே பகோடா, பன்சோடன் படகுத்துறை, விடியற்கால ஆறு என்று அதுவரை பத்தொன்பது எடுத்திருந்தேன்.

இன்சீன் சந்தைக்குப் பக்கத்தில் மல்லிகா தோசைக்கடை நடத்துகிறாள். எனக்குத் தங்கை முறை; தெருக்காரர்களுக்கு, பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து, டோ மல்லிகா. அவளுடைய ஒரே மகள் செல்வி, மறுநாள் ஜப்பானுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் புறப்படுகிறாள். குறைந்தது மூன்று ஆண்டு வர முடியாது.

"அக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் அடிச்சுக் குடுங்க. காகிதத்துல வேணும்," என்றாள் மல்லிகா. "போன்ல நெறைய இருந்துச்சு. அது தண்ணியில விழுந்து, இவ அப்பா மொகமும் அதோட போயிருச்சு."

இங்கே படத்தை எடுப்பதில்லை, அடிக்கிறார்கள். பர்மிய மொழியில் அப்படித்தான் சொல்வார்களாம்.

"அடி வாங்கத் தயாரா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"அம்மாகிட்ட வாங்குனது போதும், பெரியம்மா."

கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிழல், பின்னால் தெருவில் நல்ல வெயில். கேமராவின் ஒளிமானி வெயிலைக் கணக்கில் எடுத்தால் முகங்கள் கருத்துவிடும். அதனால் அருகே போய், முகத்துக்கு முன்னால் என் உள்ளங்கையை நீட்டி, அதில் விழுந்த ஒளியை அளந்தேன். பின்வாங்கி நின்று அழுத்தினேன். அழுத்திய கையோடு கேமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். கறுப்பு மூடி.

"அங்க என்னக்கா தெரியுது?"

"ஒண்ணும் தெரியாதும்மா," என்றாள் செல்வி. "பெரியம்மா பழைய கேமரான்னு மறந்துட்டாங்க." கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதைப் பர்மிய மொழியில் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

அடுத்த படத்துக்குப் பிலிமை நகர்த்தினேன். அப்போதுதான் இடப்பக்கக் குமிழைக் கவனித்தேன். பிலிம் நகரும்போது அதுவும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. மெல்லத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு மறுபடி நகர்த்தினேன். அப்போதும் அசையவில்லை.

"அடிக்கலை," என்றேன்.

"அடிச்சீங்களே அக்கா. சத்தம் கேட்டுச்சே."

"சத்தம் மட்டுந்தான்."

பிலிம் சக்கரத்தில் மாட்டவே இல்லை என்று கணித்தேன். உறுதி செய்ய மூடியைத் திறக்க வேண்டும். என் கணிப்பு தவறானால் ஒளி பட்டுப் பத்தொன்பது படமும் பாழ். திறக்காமல் விட்டால், மறுநாள் போகிறவளுக்குப் படம் உண்டா இல்லையா என்றே தெரியாது. செல்வி குடை பிடிக்க, திறந்தேன். விடுதியில் நான் செருகிய பிலிம் நுனி பல்லில் மாட்டாமல் அப்படியே கிடந்தது. சூலேயும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் திரையில்லாத கேமராவுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன்! வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

நுனியைப் புதிதாகச் செருகி, பல் கவ்வுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடினேன். குமிழ் சுற்றியது. இரண்டு படம் அடித்தேன்: அளந்தபடி ஒன்று, ஒளியை ஒரு படி கூட்டி இன்னொன்று.

செல்வியோடு நகருக்குத் திரும்பும்போது, ஜன்னல் வழியே கண்டதையெல்லாம் எடுத்து ரோலை முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பிலிம் கழுவும் கடை ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. கடைக்காரர் ரோலைக் கையில் வாங்கி ஏதோ கேட்டார்.

"முழு ரோல்ல ரெண்டுதானா, நெசமாவான்னு கேக்கறார்," என்றாள் செல்வி.

"நெசந்தான்னு சொல்லு."

"'மீ' வந்தாத்தான் பிரிண்ட் போடுவாராம்." மின்சாரத்துக்கு அவள் சொன்ன சொல் அது.

மாலை ஐந்துக்கு மேல்தான் மின்சாரம் வந்தது. நெகடிவில் வரிசையாக இரண்டு சட்டங்கள். மீதி முழுக்க வெறுமை. பிரிண்ட்டில் செல்வியின் கன்னத்தில் சந்தனம்போல் பூசிய தனகா மரப்பட்டைக் குழம்பு, சிரிப்பு மடிந்த இடத்தில் வெடித்திருந்ததுகூடத் தெரிந்தது. மல்லிகா, சாலை கடக்கும்போது பிடிப்பதுபோல் மகளின் முழங்கையைப் பிடித்திருந்தாள். படம் பிடித்தபோது இதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் கூடிய பிரிண்ட்டுக்காகத் தாயும் மகளும் சண்டை போட்டார்கள். மகள் ஜெயித்தாள், பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை நான் கிளம்பினேன். விமான நிலையம் வரை மல்லிகாவும் டாக்ஸியில் வந்தாள். யாங்கோனின் ஒரு காட்சிகூட இல்லாமல் ஊர் திரும்புகிறேன். வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். மல்லிகா பையிலிருந்து தன் படத்தை எடுத்து ஓட்டுநரிடம் நீட்டினாள். சிக்னலில் வண்டி நிற்க, அவர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எந்த ஸ்டுடியோன்னு கேக்கறார்."

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே நீளமாக ஏதோ சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்ன சொன்னே?"

"எங்க அக்கா அடிச்சதுன்னேன்."