காயாத கேமரா

அந்த ஐப்பசியில் மழை எங்கள் வீட்டுக்குள் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் அடைமழை என்றால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நெய்கிறவர் கால் தொங்கவிடும் குழி, முழங்கால் ஆழக் குளமாகும். தறி நிற்கும். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, தறிப்பலகையில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்படியொரு நாளில்தான் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் வந்தார், அப்பா நெய்த புடவைகளைப் படம் பிடிக்க. உள்ளங்கையளவு டிஜிட்டல் கேமரா. எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. புடவைகள் முடிந்ததும், கேட்காமலேயே அத்தையையும் ஒன்று எடுத்தார். "எப்படி வந்திருக்குது பாருங்க" என்று நீட்டினார். அவர் விட்டாரா, இவள் பிடிக்கவில்லையா, அந்த வழக்கு அவர்களுக்குள் இன்றுவரை தீரவில்லை. களக். கேமரா குழிக்குள்.

நான்தான் இறங்கித் துழாவி எடுத்தேன். சளி பிடித்த குழந்தைபோல மூக்கு ஒழுகியது அதற்கு. அப்பா, மழைநாளில் ஈரம் போகப் பாவு நூலுக்கு அடியில் வைக்கிற கரிச்சட்டியைத் தூக்கிவந்தார். "கொஞ்சம் அனல் காட்டினா காஞ்சிடும்."

"அது இன்னா பாவு நூலா, அண்ணா? உருகிடும். உப்பு ஜாடியில அரிசி போட்டா ஈரம் இழுக்கல?" என்று அத்தை அதைப் பிடுங்கி அரிசிப் பானையில் புதைத்தாள். பேட்டரியும் கார்டும் தனியே ஒரு கிண்ணத்தில்.

"தினம் வந்து பாத்துக்கினு போறேங்க," என்றார் சென்டர்க்காரர்.

"காஞ்சதும் எடுத்துக்கினு போயிடு தம்பி. அப்பறம் இங்க உனக்கு வேலையில்ல. கல்யாணம் ஆவாத பொண்ணு இருக்கிற வீடு," என்றார் அப்பா.

வந்தார், குடையோடு, தினமும். இருவரும் பானைக்குள் குனிவார்கள். "ஈரமாத்தான் இருக்குது" என்பாள் அத்தை. மழை விட்டது. குழியை இறைத்தோம். தறி ஓடியது. கேமரா மட்டும் காயவில்லை.

ஒரு மத்தியானம், யாருமில்லை என்று நினைத்து அத்தை பேட்டரியையும் கார்டையும் போட்டாள். உர்ரென்று லென்ஸ் நீண்டது. எதையோ அழுத்தினாள், திரையில் அவள் முகம். பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அணைத்து, மறுபடி அரிசிக்குள் புதைத்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் வந்ததும் அப்பா முன்னாலேயே கத்தினேன்: "கேமரா வேலை செய்யுது! அத்தை போட்டுப் பாத்துச்சு!"

அத்தை முகம் வெளுத்தது. அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆன் ஆவுதுங்க... ஆனா உள்ள இன்னும் ஈரம்."

அப்பா அதை வாங்கினார். நூலை விரல்நுனியால் தொட்டே ஈரம் சொல்லிவிடுகிற மனிதர். தங்கச்சியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஆமா. ஈரந்தான். நாளைக்கி வரும்போது உங்கம்மாவையும் கூட்டிக்கினு வா தம்பி."

கேமரா காய்ந்ததா என்று பார்க்க அவர் அம்மா எதற்கு? ஒரு வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தருக்கும் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று எரிச்சலோடு பானையை மூடினேன்.